இத்தாலி போய்வந்த வசந்தகுமாரி

துபாயில், சத்வாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு மூன்று தளம். கீழே கௌஸ் முகம்மதின் தையற்கடை. அதற்கு மேலே உமாபதி குடும்பம். அதற்கும் மேலே நாங்கள். மனசுக்குள்ளும் நாங்கள் அதே வரிசையில்தான் குடியிருந்தோம். இதை இப்போது ஒப்புக்கொள்ள எனக்குச் சிரமம் இல்லை.

என் கணவர் பத்மநாபனும் உமாபதியும் ஒரே இத்தாலியக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். துறைமுகத்தில் கப்பல் கட்டும் மேடை போடுகிற வேலை. இவர் இன்ஜினியர். உமாபதி டிராஃப்ட்ஸ்மேன். படிப்பு ஐ.டி.ஐ.தான், ஆனால் கை அபாரம். அவர் போட்ட கோட்டை அழித்துப் போட வேண்டி வந்ததே இல்லை என்று இவரே வீட்டில் சொல்வார். வீட்டில்தான் சொல்வார்.

உமாபதியின் மனைவி வசந்தகுமாரிக்குச் சொந்த ஊர் கும்பகோணம். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் ஏதோ கணக்குப் பாடம் மனசுக்குள் போட்டுக்கொண்டிருப்பவள்போல் இருப்பாள். பெண் நீலாவுக்கு அப்போது ஒன்பது வயது. வசந்தகுமாரியின் அம்மா சீக்கிரமே போய்விட்டாள். பத்து வயது இளையவளான தங்கை சந்திரகலாவைத் தலைவாரிப் பின்னி, பள்ளிக்கு அனுப்பி, பெரியவளானபோது பக்கத்தில் இருந்து எல்லாம் செய்தது இவள்தான். தங்கையின் கடிதம் வந்த நாளில் இவள் மாடிப்படி ஏறுகிற சத்தமே வேறாக இருக்கும்.

எழுபத்தைந்து டிசம்பரில் கம்பெனி கிறிஸ்துமஸ் விருந்து. சைட் மேனேஜர் ரினால்டி, கையில் கிளாஸோடு ஒவ்வொருவராகத் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டே வந்தார். உமாபதியிடம் வந்ததும் நின்றார்.

"உமா, நீ என் ஊருக்கு வரணும். பொர்த்தோ சாலே. சின்ன மீன்பிடிக் கிராமம். கடல் அப்படியே கண்ணாடி. ஆகஸ்ட்ல வா. பெண்டாட்டி, பிள்ளை, எல்லாரையும் கூட்டிட்டு வா. என் வீடு உன் வீடு!"

இதையே அவர் எங்களிடமும் சொன்னார். வெங்கட்ராமனிடமும் சொன்னார். டிரைவரிடம்கூடச் சொல்லியிருப்பார். நாங்கள் சிரித்துவிட்டு பிரியாணியைப் பார்க்கப் போய்விட்டோம். உமாபதி மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். சுவரில் ஐரோப்பா வரைபடம் ஒட்டினார். சைட்டில் ரினால்டியிடம் ஏப்ரலில் ஒரு தரம் ஞாபகப்படுத்தினார். "ஆமாமா, ஆகஸ்ட், வா வா," என்றாராம் ரினால்டி, வேறு எதையோ பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் நாலைந்து குடும்பம் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை உமாபதி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"இந்தத் தடவை லீவுக்கு நாங்க ஊருக்குப் போகலை. இத்தாலி போறோம். ரினால்டி கூப்பிட்டிருக்கார். பதினேழு நாள்."

முதலில் பேசியது நான்தான். "இத்தாலியா? டிக்கெட் கைக்கு வந்தப்புறம் சொல்லுங்க சார், அப்பதான் நம்புவேன்." எல்லாரும் சிரித்தார்கள். வெங்கட்ராமனுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. உமாபதியும் சிரித்தார். வசந்தகுமாரி அப்பளத்தை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே அவர் கம்பெனி கொடுக்கிற ஊர் டிக்கெட்டை ரோமுக்கு மாற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு மேஜைமேல் வைத்தார். "பாருங்க மேடம்," என்றார். பார்த்தேன். பார்த்துவிட்டு, மறந்துவிட்டேன்.

இனி நான் சொல்வதில் பெரும்பங்கு பின்னால் வசந்தகுமாரி என்னிடம் சொன்னது.

ஜூன் மாதம் கௌஸ் முகம்மது ஊரிலிருந்து லீவு முடிந்து திரும்பினார். அவருக்கும் கும்பகோணம் பக்கம்தான். வசந்தகுமாரியின் அப்பா கொடுத்தனுப்பியதாக ஒரு பொட்டலத்தை மாடியேறி வந்து கொடுத்தார். உள்ளே அரக்குநிறப் பட்டுப் புடவை ஒன்று, ஒரு கடிதம். சந்திரகலாவுக்கு வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை தஞ்சாவூர், பாங்க் வேலை. ஆவணி ஆறாம் தேதி, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். "அம்மா இல்லாத வீட்டில் நான் தனியாக மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க முடியாது. நீயும் மாப்பிள்ளையும்தான் உட்கார்ந்து கொடுக்க வேண்டும். மணையில் உட்காரும்போது உடுத்த இந்தப் புடவை. சந்திராவே தேர்ந்தெடுத்தாள்."

அன்று சாயங்காலம் உமாபதி டூட்டி முடிந்து வந்ததும் கடிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். மடித்தார்.

"தேதியை மாத்தச் சொல்லு."

"என்னங்க பேசறீங்க? மாப்பிள்ளை வீட்டுல குறிச்ச தேதி. நாம எப்படி மாத்தச் சொல்றது?"

"உங்க சித்தப்பா சித்தி இருக்காங்கல்ல? அவங்க உட்காரட்டும்."

"அவ என் தங்கச்சிங்க. நான் வளத்த பொண்ணு."

"கல்யாணம் எல்லாருக்கும்தான் நடக்குது வசந்தா. இத்தாலி யாருக்கு நடக்குது? இப்ப நான் போகலைன்னா மேல இருக்கறவங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'அப்பவே நினைச்சோம்'னு சொல்லுவாங்க. அந்த அம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு."

அந்த அம்மா நான்தான்.

கல்யாணம் என்று ஒன்று இருப்பதை அவர்கள் எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் "அப்ப ஊருக்குத்தானே போகணும்" என்று யாராவது கேட்டுவிடுவோம் அல்லவா? தங்கைக்காக வாங்கிவைத்திருந்த ஆறு வளையல்களையும் ஊருக்குப் போகிற ஒரு நர்ஸ் மூலம் வசந்தகுமாரி அனுப்பினாள். 'கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை' என்று அப்பாவுக்கு எழுதச் சொன்னார் கணவர். அவளே தன் கையால் எழுதினாள். புடவைக்கு கௌஸ் முகம்மதிடமே ரவிக்கை தைத்து, பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லையாம். சத்வாவில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி ரோமிலிருந்து ஜெனோவாவுக்கு ரயில். அங்கிருந்து கடலோரமாகவே போகிற சின்ன ரயில். பொர்த்தோ சாலேயில் மூன்று பேரும் இரண்டு பெட்டியோடு இறங்கினார்கள். வெள்ளை, மஞ்சள், ரோஜா நிறத்தில் அடுக்கடுக்காக வீடுகள். கீழே படகுகள். உமாபதி கோட்டு போட்டிருந்தார். வழி கேட்டுக் கேட்டு, வியர்த்து, செங்குத்தான படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி ரினால்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

ரினால்டி அரை டிராயரோடு வந்து கதவைத் திறந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு, "உமா!" என்று கத்தி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். உள்ளே ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லவேளை வந்தே! ஊரைப் பாத்துட்டுத்தான் போகணும். சாயங்காலம் ஆறு மணி ரயில்ல ஜெனோவா திரும்பறீங்களா?"

உமாபதி கடிதம் எழுதியிருந்தார். தேதி போட்டு எழுதியிருந்தார். அந்தக் கடிதம், வாசலிலிருந்தே தெரிந்த சமையலறை அலமாரியில் மற்றக் கடிதங்களோடு செருகியிருந்ததை வசந்தகுமாரி பார்த்தாள். துபாய் ஸ்டாம்பு. பிரித்துத்தான் இருந்தது.

"பதினேழு நாள் இருக்கோம் சார்," என்றார் உமாபதி.

ரினால்டியின் மனைவி எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கணவனும் மனைவியும் அவர்கள் பாஷையில் பேசுவது கேட்டது. பேச்சு புரியாவிட்டாலும் அந்தத் தொனி எந்த பாஷையிலும் புரியும். இவர்கள் வாசல் நடையில் நின்றுகொண்டே இருந்தார்கள். நீலா, "அம்மா, டாய்லெட்," என்றாள்.

கடைசியில் இடம் கிடைத்தது. படகுத்துறையை ஒட்டி ரினால்டி குடும்பத்துக்கு ஒரு பழைய கட்டடம். கீழே நெத்திலிக்கு உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குகிற கொட்டகை. அதை மீனவப் பெண்கள் நாலைந்து பேர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேலே வலை போட்டுவைக்கிற அறை. வலையை ஒரு மூலைக்குத் தள்ளி, மூன்று மெத்தை கொண்டுவந்து போட்டார்கள். சைவச் சாப்பாடு தவிர வேறெதுவும் தொட்டறியாத குடும்பம். தலையணையிலும் நெத்திலி வாடை. கையோடு கொண்டுபோன அரிசி இரண்டு நாளில் தீர்ந்தபின், வெறும் ரொட்டி, தக்காளி, பீச் பழம், இதுதான் கடைசிவரை.

கீழே வேலை செய்த பெண்களில் தெரெசா என்று ஒருத்தி. நாற்பது வயசு இருக்கும். உப்பில் ஊறிச் சிவந்த கை. முதல் நாளே நீலாவுக்கு ஒரு பழம் கொடுத்தாள். வசந்தகுமாரிக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே, அடுப்பு எங்கே என்று கைஜாடையில் காட்டினாள். இவள் சாதம் வடிப்பதை வேடிக்கை பார்த்துச் சிரித்தாள். பாஷை இல்லாமலே இரண்டு நாள் நன்றாகப் போயிற்று.

மூன்றாம் நாள் காலை ரினால்டி வந்தார். கையில் சுருட்டிய தாள்.

"உமா, ஒரு சின்ன விஷயம். அரை மணி நேர வேலை. இந்தக் கட்டடத்தை ஒரு சின்ன ஹோட்டல் ஆக்கலாம்னு நானும் என் மச்சானும் நினைக்கிறோம். ஒரு ஸ்கெட்ச் போட்டுக் கொடேன். உன் கை எனக்குத் தெரியுமே."

உமாபதியின் முகம் மலர்ந்ததை வசந்தகுமாரி பார்த்தாள். வந்து இறங்கியதிலிருந்து முதல் தடவையாக. அவர் உடனே அளக்கும் டேப்பை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். அரை மணி நேரம் ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் பழைய கதவு ஒன்றை இரண்டு பீப்பாய்மேல் போட்டு மேஜையாக்கிக் கொடுத்தார்கள். மாடிப்படி எங்கே, குளியலறை எங்கே, எத்தனை அறை, சாக்கடை எப்படி. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இருட்டுகிற வரைக்கும். துபாய் சைட்டிலாவது வெள்ளிக்கிழமை லீவு உண்டு.

இடிக்க வேண்டிய சுவரிலெல்லாம் உமாபதி சாக்பீஸால் குறி போட்டார். கொட்டகையின் நடுச்சுவரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. தெரெசாவும் மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் காலையில் குறி இல்லை. ஈரத்துணியால் யாரோ துடைத்திருந்தார்கள். உமாபதி மறுபடி போட்டார். மறுநாள் மறுபடி இல்லை. மூன்றாவது தடவை ரினால்டியே வந்து தெரெசாவைப் பார்த்துக் கத்தினார். அவள் பதிலுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள், உமாபதியைக் கையால் காட்டி. அதற்குப் பிறகு அவள் வசந்தகுமாரி இருக்கும் பக்கம் திரும்பவில்லை. குழாயடியில் எதிரே வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். பழமும் நின்றது.

"அந்தப் பொம்பளைங்களை எங்க அனுப்புவாங்க?" என்று கேட்டாள் வசந்தகுமாரி.

"அது நம்ம வேலையா? டிராயிங் கேட்டாங்க, போடறேன்."

கடற்கரையில் வரிசையாகக் கலர்க் குடைகள். ரினால்டி குடும்பத்துக்கு இரண்டு குடை சீசன் முழுக்க எடுத்திருந்தார்கள். ஒரு நாளும் இவர்களைக் கூப்பிடவில்லை. படகுகளைக் கவிழ்த்துவைக்கும் கோடியில், கல்மேல், தாயும் பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள். நீலா மட்டும் மெல்ல மெல்ல ரினால்டியின் பிள்ளைகளோடு தண்ணீரில் விளையாடப் போனாள். குழந்தைகளுக்குப் பாஷை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரத்தில் அவள் காதில் விழுவதில் பாதி அவளுக்குப் புரிந்தது. மீதியை அந்தப் பிள்ளைகள் ஸ்கூல் இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து அங்கே பெரிய விடுமுறை. துறையோரமாக நீளமேஜை போட்டு ரினால்டி உறவுக்காரர்கள் முப்பது பேருக்கு விருந்து கொடுத்தார். அன்று இவர்களையும் கூப்பிட்டார். மேஜையின் கடைசியில் இடம். ரினால்டி எழுந்து, உமாபதியின் வரைபடத்தை எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். கைதட்டினார்கள். உமாபதி எழுந்து கைகூப்பினார். ரினால்டி ஏதோ சொன்னார். எல்லாரும் பலமாகச் சிரித்தார்கள். உமாபதியும் சேர்ந்து சிரித்தார்.

நீலா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டாடி, அங்கிள் என்ன சொன்னார் தெரியுமா? இங்க ஆர்க்கிடெக்ட் வெச்சா ரொம்பச் செலவாகும், அதான் துபாய்லேருந்து என் இண்டியனை வரவழைச்சேன், அவனுக்கு ரொட்டியும் தக்காளியும் போதும்னு சொல்றார். வீ ஆர் ஆன் ஹாலிடே, நோ? அப்படின்னு நான் சொல்லவா?"

"உஷ்," என்றார் உமாபதி. சிரித்த முகம் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலமே, மேலே வலை அறையில், வசந்தகுமாரி பெட்டியை எடுத்து மெத்தைமேல் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில கிளம்பலாம். இன்னும் ஏழு நாள் இருக்கு. ரோம்லேருந்து பம்பாய், பம்பாய்லேருந்து மெட்ராஸ். முகூர்த்தத்துக்கு முதல் நாளே போயிடலாம். என் வளையலைக் கழட்டித் தரேன், டிக்கெட் வாங்குங்க."

அவர் கைகழுவிக்கொண்டிருந்தார். "டிராயிங் முடியலை."

"அவர் உங்களைப் பத்தி என்ன சொன்னார்னு கேட்டீங்கல்ல?"

"முதல் நாளே தெரியும்."

"என்ன?"

"கதவைத் திறந்ததுமே தெரியும் வசந்தா. என் லெட்டரை நானும்தான் அலமாரியில பாத்தேன். வேலை கொடுத்தார், செஞ்சேன். வேலை செஞ்சா இங்க இருக்கலாம். இல்லைன்னா ஆறு மணி ரயில்ல போகணும். போய்? மூணு நாள்ல துபாய்ல போய் நின்னா பத்மநாபன் என்ன சொல்லுவார்?"

"துபாய்க்குப் போகச் சொல்லலையே. கும்பகோணத்துக்குப் போலாம்னுதானே சொல்றேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். "லீவு கிடைக்கலைன்னு நீயே எழுதிட்டே. இப்ப எங்கேருந்து வந்தோம்னு கேட்டா என்ன சொல்லுவே?"

அவள் பெட்டியை மூடி மறுபடி மூலையில் வைத்தாள்.

ஆவணி ஆறாம் தேதி. ஊரில் ஒன்பது மணி என்றால் அங்கே விடியற்காலை ஐந்தரை. கணக்கு டீச்சர் அல்லவா, அவள் முன்னாலேயே போட்டுவைத்திருந்தாள். எழுந்து, குழாயடியில் குளித்து, அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டாள். தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டாள். பூ இல்லை. கீழே இறங்கிப் படகுத்துறைக் கல்மேல் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாள். வாட்சைப் பார்த்தபடியே இருந்தாள். இப்போது மாப்பிள்ளை அழைத்து உட்கார வைத்திருப்பார்கள். இப்போது சந்திரா கூறைப்புடவை மாற்றிக்கொண்டு வருவாள். இப்போது சித்தப்பா தாரை வார்ப்பார், சித்தி தண்ணீர் விடுவாள். அப்பா எங்கே நிற்பார்? தூணோரம் நிற்பார்.

நெத்திலிப் படகுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. கூடைகளை வாங்கப் பெண்கள் வந்தார்கள். இப்படி ஒருத்தி பட்டும் சரிகையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்கள். தெரெசா மட்டும் கிட்டே வந்தாள். புடவையைப் பார்த்தாள். தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். கல்யாணமா?

வசந்தகுமாரி தலையசைத்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. தெரெசாவின் கை ஒரு தடவை முன்னால் வந்தது. பிறகு அவள் திரும்பிக் கொட்டகைச் சுவரிலிருந்த வெள்ளைக் குறியைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். கூடையைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அவ மேல எனக்குக் கோபம் இல்லை," என்று வசந்தகுமாரி என்னிடம் சொன்னாள். "நான் அவளா இருந்தா கிட்டக்கூட வந்திருக்க மாட்டேன்."

ஏழு மணிக்கு உமாபதி கேமராவோடு கீழே வந்தார். "அட! அப்படியே உக்காரு. கடலுக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்கு. கொஞ்சம் சிரி." படம் எடுத்தார். அவருக்குத் தேதி ஞாபகம் இல்லை.

செப்டம்பரில் எங்கள் வீட்டு ஹாலில் வெள்ளிக்கிழமை மதியம் ஸ்லைடு காட்டினார் உமாபதி. புரொஜெக்டரை வெங்கட்ராமன் யாரிடமோ கடன் வாங்கி வந்திருந்தார். ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கினோம். கலர் வீடுகள், படகுகள், மலைச்சரிவில் திராட்சை. "ரினால்டி விடவே மாட்டேன்னுட்டார். கடலோரத்துல தனி இடம் கொடுத்தார். ஒரு ஹோட்டலுக்கு டிசைன் வேணும்னு கெஞ்சினார், சும்மா பொழுதுபோக்காப் போட்டுக் கொடுத்தேன். முப்பது பேர் முன்னாடி பாராட்டினார்." என் கணவரே, "பரவாயில்லையே உமாபதி!" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பதினேழு நாள் நெத்திலி வாடையில் படுத்திருந்த மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஸ்லைடில் வசந்தகுமாரி வந்தாள். கல்மேல் அரக்குப் பட்டில். பின்னால் கடல்.

"ஆகா, என்ன புடவை! கடற்கரையில பட்டுப்புடவையா? என்ன விசேஷம் அன்னிக்கு?" என்று கேட்டது யார்? நான்தான்.

இருட்டில், சமையலறை வாசல் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அன்னிக்கு என் தங்கச்சி கல்யாணம்."

உமாபதி அடுத்த ஸ்லைடைத் தள்ளவே இல்லை. அவர் கை பட்டனிலேயே இருந்தது. அப்போதுதான் அவருக்கே தேதி உறைத்திருக்க வேண்டும். யாரோ விளக்கைப் போட்டார்கள். பெண்கள் தட்டுகளை எடுத்துவைத்தோம். பத்து நிமிஷத்தில் எல்லாரும் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து வசந்தகுமாரி மாடி ஏறி வந்தாள். மாவு அரைக்க எங்கள் மிக்ஸி கேட்டு வந்தவள், உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, பாடம் நடத்துவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். கடைசியில், "நீங்க அன்னிக்குச் சிரிச்சீங்களே, அதுக்கப்புறம் அவர் என்னைப் பேசவே விடலை," என்றாள்.

"எனக்குக் கல்யாண விஷயம் தெரியாது வசந்தா."

"தெரிஞ்சா சிரிச்சிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா சிரிச்சீங்க."

மிக்ஸியைக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அவள் ஓர் இந்தியப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். கணவரைக் கேட்கவில்லை, சொன்னாள். உமாபதி வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சீனியர் டிராஃப்ட்ஸ்மேன் இடம் காலியானபோது, ரினால்டி தன் ஊர்ப் பையன் ஒருவனை வரவழைத்து உட்கார வைத்தார். உமாபதி அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்.

எழுபத்தேழு கோடை விடுமுறையில் வசந்தகுமாரியும் நீலாவும் மட்டும் ஊருக்குப் போனார்கள். லீவு கிடைக்கவில்லை என்ற பொய் வெகுநாள் நிற்கவில்லை. எங்கள் கூட்டத்தில் யாரோ எழுதிய கடிதம் வழியாகக் கும்பகோணம்வரை இத்தாலி போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சந்திரகலா பார்க்க வரவில்லை. நாலு நாள் காத்திருந்துவிட்டு, வசந்தகுமாரியே பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போனாள்.

திரும்பி வந்ததும் அதையும் என்னிடம் சொன்னாள். எங்கள் வீட்டுப் பால்கனியில் நின்றுகொண்டு, கீழே கௌஸ் முகம்மது கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தபடி.

"கதவைத் திறந்தா. 'வாங்க'ன்னா. என்னை அவ பிறந்ததிலேருந்து 'வா'ன்னுதான் சொல்லுவா. நாற்காலியைத் துடைச்சுப் போட்டு, 'உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க'ன்னா. தட்டுல டவரா டம்ளர் வெச்சுக் காப்பி கொண்டுவந்தா. நீலாவை 'பாப்பா எந்த கிளாஸ் படிக்கிறா?'ன்னு கேட்டா. மாமியாரைக் கூப்பிட்டு, 'துபாய்லேருந்து வந்திருக்காங்க'ன்னு சொன்னா. 'அக்கா'ன்னு சொல்லலை. மாமியார், 'ஓ, தாரை வார்க்க ஆள் மாத்தினாங்களே, அவங்களா?'ன்னு கேட்டாங்க. 'ஆமா'ன்னா. கிளம்பும்போது வெத்தலைபாக்கு, ஒரு ரவிக்கைத் துணி. வாசல்வரைக்கும் வந்து, 'பார்த்துப் போங்க'ன்னா."

"சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலை," என்றேன்.

"போட்டிருந்தா நான் அங்கேயே ரெண்டு நாள் இருந்திருப்பேன்."

ஏ.சி. தண்ணீர் கீழே தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட இதெல்லாம் சொன்னீங்களா?"

"சொல்ல வந்தேன். ஏர்போர்ட்லேருந்து வரும்போது டாக்ஸியில அவரே கேட்டார். 'சந்திரா வீட்டுல உன்னை நல்லா கவனிச்சாங்களா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரொம்ப நல்லா கவனிச்சாங்கன்னு சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்."